ஐசேயா தாமஸின் இடுப்பு: 2017ல் பாஸ்டன் செய்த டிரேட் சரியா, தப்பா?



மருத்துவப் பதிவுகளுக்கு நடுவுல இன்னிக்கு கொஞ்சம் கூடைப்பந்து வரலாறு. பயப்படாதீங்க, ஆட்டம் தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரிதான் எழுதறேன். நடுவில் இடுப்பு மூட்டும் வரும், முழங்காலும் வரும். நீளமான இழை. டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

2011 ஜூன் 23. அமெரிக்காவின் நியூவர்க் நகரில் என்பிஏ டிராஃப்ட் நடக்கிறது. புதிதாக வரும் இளைஞர்களை 30 அணிகளும் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் இரவு அது. இரண்டு சுற்று, மொத்தம் 60 பேர்.

அன்று முதல் ஆளாக அழைக்கப்பட்டவர் கைரி இர்விங். எடுத்தது கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ். 60வதாக, கடைசி ஆளாக அழைக்கப்பட்டவர் ஐசேயா தாமஸ். எடுத்தது சாக்ரமெண்டோ கிங்ஸ்.

ஆறு வருஷம் கழித்து, 2017 ஆகஸ்ட் 22 அன்று, அந்த முதல் ஆளையும் கடைசி ஆளையும் இரண்டு அணிகள் மாற்றிக்கொண்டன. கிளீவ்லேண்டிலிருந்து கைரி பாஸ்டனுக்கு. பாஸ்டனிலிருந்து ஐசேயா தாமஸ், ஜே கிரௌடர், ஆன்டே ஜிஜிச் மூவரும் கிளீவ்லேண்டுக்கு. கூடவே, புரூக்ளின் அணியிடமிருந்து பாஸ்டன் வாங்கி வைத்திருந்த 2018 முதல் சுற்றுத் தேர்வு உரிமையும் போனது.

அன்று தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை. கூடைப்பந்து ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் "பாஸ்டன் பண்ணது சரியா?" என்று ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார். நம்ம பக்கத்திலும் கூடைப்பந்து பார்க்கும் தம்பிகள் சிலர் கேட்டிருந்தார்கள். புள்ளிக் கணக்கை வைத்து பதில் சொல்ல நிறைய பேர் இருக்காங்க. நான் ஸ்கேன் படத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். அங்கே டிரேட் என்றால் என்ன?

ஐபிஎல்லில் ஹர்திக் பாண்ட்யா குஜராத்திலிருந்து மும்பைக்குப் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இங்கே வீரரின் சம்மதம் வேண்டும். என்பிஏவில் அப்படி இல்லை. வீரரின் ஒப்பந்தம் அணியின் கையில் இருக்கும் பத்திரம் மாதிரி. டிரேட் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிய மிகச் சிலரைத் தவிர மற்ற யாரையும் கேட்க வேண்டியதில்லை. போன் வரும், "நீ இனிமே அந்த ஊரு" என்பார்கள். வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எல்லாம் அப்புறம்தான்.

அதே நாள் இரவில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது புரியும். ஜே கிரௌடரின் தாயார் புற்றுநோயில் கடைசிக் கட்டத்தில் இருந்தார். தான் கிளீவ்லேண்டுக்கு மாற்றப்பட்ட செய்தியை அவர் காதில் மகன் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா இறந்துபோனார். டிரேட் அட்டவணையில் கிரௌடரின் பெயர் இரண்டாவது வரியில் இருக்கும். அவ்வளவுதான்.

சரி, தாமஸுக்கு வருவோம்.

உயரம் 5 அடி 9 அங்குலம். நம்ம ஊரில் சராசரிக்கு மேல். என்பிஏவில் குழந்தை. ஆறரை, ஏழு அடி ஆட்களுக்கு நடுவில் பந்தைக் கொண்டுபோய் கூடையில் போட வேண்டும். சாக்ரமெண்டோ அவரை வைத்துக்கொள்ளவில்லை, பீனிக்ஸ் போனார். பீனிக்ஸும் வைத்துக்கொள்ளவில்லை. 2015 பிப்ரவரியில் பாஸ்டன் செல்டிக்ஸ் அவரைக் கிட்டத்தட்ட சும்மா வாங்கியது.

பாஸ்டனில் ஆள் வேற லெவலுக்குப் போனார். 2016-17 சீசனில் ஆட்டத்துக்கு சராசரி 28.9 புள்ளிகள். லீக்கிலேயே மூன்றாவது. சிறந்த வீரருக்கான வாக்கெடுப்பில் ஐந்தாம் இடம். நாலாவது கால்பகுதி வந்துவிட்டால் மனுஷனைப் பிடிக்க முடியாது. பாஸ்டன் 53 ஆட்டங்கள் ஜெயித்து கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. இத்தனைக்கும் அவர் சம்பளம் வருஷத்துக்கு 6 மில்லியன் டாலர் சொச்சம். அந்த லீக்கில் அது பெஞ்சில் உட்காருபவர் வாங்கும் சம்பளம். அடுத்த ஒப்பந்தத்தில் 100 மில்லியனுக்கு மேல் கிடைக்கும் என்று அவரும் நம்பினார், ரசிகர்களும் நம்பினார்கள்.

2017 மார்ச் 15. மினசோட்டாவில் ஓர் ஆட்டம். மூன்றாவது கால்பகுதியில் தாமஸ் விழுந்தார். வலது இடுப்பில் அடி. சில நாள் ஓய்வு எடுத்துவிட்டுத் திரும்ப ஆட வந்துவிட்டார்.

ஏப்ரல் 15 அன்று அவருடைய தங்கை கார் விபத்தில் இறந்தார். 22 வயது. மறுநாள் பிளேஆஃப் முதல் ஆட்டம். தாமஸ் ஆடினார். பெஞ்சில் அழுதுகொண்டிருந்தவர், களத்தில் 33 புள்ளிகள் எடுத்தார். அந்தச் சுற்றில் சிகாகோவிடம் முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்று, அடுத்த நான்கையும் பாஸ்டன் ஜெயித்தது. அந்தச் சுற்று முடிந்ததும் நாட்டின் மறுகோடிக்கு விமானத்தில் போய் தங்கையின் இறுதிச் சடங்கை முடித்துவிட்டுத் திரும்பினார்.

இறுதிச் சடங்குக்கு மறுநாளே வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டம். எதிராளி கை பட்டு முன்பல் ஒன்று தெறித்து விழுந்தது. அடுத்த நாள் முழுக்க பல் மருத்துவரின் நாற்காலியில். அதற்கு அடுத்த நாள், மே 2, இறந்துபோன தங்கையின் பிறந்தநாள். அன்று 53 புள்ளிகள். கூடுதல் நேரம் வரை போன ஆட்டம், பாஸ்டன் ஜெயித்தது.

பாஸ்டன் ரசிகர்கள் அந்த ஆளை ஏன் அவ்வளவு நேசித்தார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்தப் பதினேழு நாட்கள்தான் பதில்.

இதை எழுதும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது, உண்மை. ஆனா ஒரு டாக்டரா அந்த இடுப்பு மேல இருந்து கண்ணை எடுக்க முடியல.

வாஷிங்டனோடு ஆறாவது ஆட்டத்தில் இடுப்பு இன்னும் மோசமானது. அடுத்த சுற்றில் கிளீவ்லேண்ட். இரண்டாவது ஆட்டத்தின் பாதியில் பாஸ்டன் 31, கிளீவ்லேண்ட் 72. தாமஸ் அதோடு வெளியே. மறுநாள் அணி அறிக்கை விட்டது: அவர் இனி இந்த சீசனில் ஆட மாட்டார். முதல் காயம் மார்ச் 15 அன்றே ஏற்பட்டது. நீண்டகாலச் சேதத்தைத் தவிர்க்க இதற்கு மேல் ஆட அனுமதிக்க முடியாது.

நோயின் பெயரும் அறிக்கையில் இருந்தது. ஃபெமோரோ அசிட்டாபுலர் இம்பிஞ்மென்ட், கூடவே லாப்ரம் கிழிசல்.

எளிமையாகச் சொல்கிறேன். இடுப்பு மூட்டு ஒரு கிண்ணமும் பந்தும். தொடை எலும்பின் உருண்டையான தலைதான் பந்து. இடுப்பெலும்பில் இருக்கும் குழி கிண்ணம். அந்தக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி மெத்தென்று ஒரு வளையம் இருக்கும். குழாயில் போடும் வாஷர் மாதிரி. அதுதான் லாப்ரம். மூட்டை இறுக்கமாக மூடி, உள்ளே இருக்கும் திரவம் கசியாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

சிலருக்கு அந்தப் பந்தின் கழுத்திலோ கிண்ணத்தின் விளிம்பிலோ எலும்பு கொஞ்சம் மேடு தட்டி இருக்கும். காலை நன்றாக மடக்கி உள்பக்கம் திருப்பும்போதெல்லாம் மேடு போய் விளிம்பில் இடிக்கும். கதவு நிலையில் இடிக்கிற மாதிரி. ஆயிரம் தடவை இடித்தால் நடுவில் மாட்டிய வாஷர் கிழியும். பிறகு குருத்தெலும்பு தேய ஆரம்பிக்கும். குருத்தெலும்பு தேய்ந்தால் அது திரும்ப வளராது. இந்த ஒரு வரியை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். வலியே இல்லாத பலருக்கும் எம்ஆர்ஐ எடுத்தால் லாப்ரம் கிழிசல் தெரியும். விளையாட்டு வீரர்களில் இது இன்னும் சகஜம். அதனால் ரிப்போர்ட்டில் "கிழிசல்" என்று பார்த்ததும் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. ஓய்வு, பிஸியோதெரபி, தேவைப்பட்டால் துளை வழி அறுவை சிகிச்சை. திரும்பி வந்து நன்றாக ஆடியவர்கள் நிறைய பேர்.

ஆனால் தாமஸுக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல். ஏழடி ஆளுக்கு இடுப்பில் இருபது சதவீதம் வேகம் குறைந்தாலும் அவர் ஏழடிதான். கையைத் தூக்கினால் கூடை பக்கத்தில். 5 அடி 9 அங்குல ஆளுக்கு உயரம் என்ற சேமிப்பே கிடையாது. சட்டென்று நிற்பது, தாழ்ந்து திரும்புவது, எதிராளி யோசிக்கும் முன் அடுத்த அடி வைப்பது, அவ்வளவுதான் அவர் சொத்து. இந்த மூன்றுமே இடுப்பிலிருந்து பிறக்கின்றன. எந்த அசைவில் எலும்பு இடிக்கிறதோ அதே அசைவில்தான் அவர் பிழைப்பு.

இப்போது டிரேட் மேசைக்குப் போவோம்.

2017 ஜூலையில் கைரி தன்னை வேறு அணிக்கு மாற்றச் சொல்லி கிளீவ்லேண்டிடம் கேட்டார். லெப்ரான் ஜேம்ஸின் நிழலில் இருந்தது போதும் என்று நினைத்தார் என்பதுதான் அன்று பரவலான பேச்சு. 25 வயது. 2016 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஜெயிக்கவைத்த அந்த மூன்று புள்ளி ஷாட்டை அடித்தவர். இந்த மாதிரி ஆள் சந்தைக்கு வருவது அபூர்வம்.

பாஸ்டனின் தலைவர் டேனி ஐன்ஜ் உடனே பாய்ந்தார்.

டிரேட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வந்து சேரும் வீரர்களை வாங்கும் அணியின் மருத்துவர்கள் சோதிக்க வேண்டும். தேறினால்தான் ஒப்பந்தம் முழுமையாகும். வண்டி வாங்கும் முன் மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டுகிறோமே, அதுதான். கிளீவ்லேண்ட் மருத்துவர்கள் தாமஸின் இடுப்பைப் பார்த்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் இழுபறி. டிரேட் ரத்தாகுமா என்று ஊரே பேசியது. கடைசியில் ஆகஸ்ட் 30 அன்று பாஸ்டன் ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்து முடித்தது. மயாமியிடமிருந்து வரவேண்டிய 2020 இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்று.

கிழிந்த இடுப்புக்குச் சந்தை கொடுத்த விலை, ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு. தாமஸ் தானே இரண்டாம் சுற்றின் கடைசித் தேர்வாக வந்தவர்.

அந்த ஒரு வாரமும் ஒரு மனிதனின் இடுப்பு மூட்டு தொலைக்காட்சியில் விவாதப் பொருள். யார் யாரோ அவர் குருத்தெலும்பைப் பற்றி கருத்து சொன்னார்கள். தான் சேதமானவன் இல்லை, பழைய ஆளாகவே திரும்பி வருவேன் என்று அவரே பேட்டி கொடுக்க வேண்டியதாயிற்று. உங்க ஸ்கேன் ரிப்போர்ட்டை உங்க முதலாளி எடுத்துப்போய் வேற கம்பெனி முதலாளியிடம் காட்டிப் பேரம் பேசினா எப்படி இருக்கும்? அங்கே அது ஒப்பந்தத்தில் சம்மதம் கொடுத்த நடைமுறை. சட்டப்படி தப்பில்லை. எனக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்.

ஒரு கட்சி சொன்னது: கைரிக்கு 25, தாமஸுக்கு 28. தாமஸுக்கு அடுத்த வருஷமே பெரிய சம்பளம் கொடுக்க வேண்டும். குட்டையான ஆள், தடுப்பாட்டத்தில் எதிரணி அவரையே குறிவைக்கும். இடுப்பு வேறு போயிடுச்சு. இதைவிட நல்ல விலைக்கு விற்க முடியாது.

இன்னொரு கட்சி சொன்னது: தங்கை இறந்த மறுநாள் உனக்காக ஆடிய ஆள்டா அவன். இடுப்பு கிழிந்ததே உனக்காக ஆடித்தான். அதைக் காரணம் காட்டியே விற்கிறாயா? நாளைக்கு எந்த வீரன் பாஸ்டனை நம்பி உடம்பைக் கொடுப்பான்?

இரண்டு கட்சியும் ஒரே கேள்விக்கு பதில் சொல்வதாக நினைத்தார்கள். அங்கேதான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் கட்சி பேசியது ஆகஸ்ட் மாதத்தைப் பற்றி. இரண்டாவது கட்சியின் கோபம் ஏப்ரல், மே மாதங்களைப் பற்றியது. இதை விளக்க முப்பது வருஷம் பின்னால் போகணும்.

1987. அதே பாஸ்டன் அணி. லாரி பேர்ட், கெவின் மெக்ஹேல் என்று இரண்டு ஜாம்பவான்கள். அந்த அணியின் இன்னொரு வீரர் பெயர் டேனி ஐன்ஜ். ஆமாம், அதே ஆள்தான்.

அந்த வருஷம் மார்ச்சில் மெக்ஹேலின் வலது பாதத்தில் நேவிகுலர் என்ற எலும்பில் முறிவு. பாதத்தின் வளைவுக்கு நடுவில் இருக்கும் சின்ன எலும்பு அது. அதற்கு ரத்த ஓட்டமே குறைவு, அதனால் லேசில் கூடாது. இந்த முறிவு என்றால் நாங்கள் பாதத்தைத் தரையில் ஊன்றவே விடமாட்டோம். மெக்ஹேல் அந்தக் காலோடு பிளேஆஃப் முழுக்க ஆடினார், லேக்கர்ஸுக்கு எதிரான இறுதித் தொடர் வரை. தோற்றார்கள். அந்தப் பாதம் அதன் பிறகு பழைய பாதமாக ஆகவே இல்லை.

பேர்டுக்கு முதலில் இரண்டு குதிகாலும், 1988 நவம்பரில் அறுவை சிகிச்சை. பிறகு முதுகு. ஆட்டத்தில் இல்லாத நேரம் மைதான ஓரத்தில் தரையில் குப்புறப் படுத்திருப்பார். பழைய காணொளிகளில் பார்க்கலாம். 1992ல் ஓய்வு பெற்றார்.

ஐன்ஜ் பின்னாளில் ஒரு கதை சொல்வார். அந்த நாட்களில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், அணியின் பெருந்தலை ரெட் ஆர்பாக்கிடம், பேர்டும் மெக்ஹேலும் பக்கத்தில் இருக்கும்போதே, இவங்க ரெண்டு பேரையும் இப்பவே டிரேட் பண்ணிடுங்க என்று இவர் சொன்னாராம். ஆர்பாக் கேட்கவில்லை. பிறகு 1989 பிப்ரவரியில் யாரை டிரேட் செய்தார்கள் தெரியுமா? ஐன்ஜைத்தான், சாக்ரமெண்டோவுக்கு. சொன்னவன் தலையிலேயே விடிந்தது.

1986ல் கோப்பை வென்ற பாஸ்டனுக்கு அடுத்த கோப்பை கிடைக்க 22 வருஷம் ஆனது. 2008ல். அப்போது அணியை நடத்தியவர் ஐன்ஜ். 2013ல் அந்தக் கோப்பையை வாங்கித் தந்த கெவின் கார்னெட், பால் பியர்ஸ் இருவரையும் வயதாகிவிட்டது என்று புரூக்ளினுக்கு அனுப்பிவிட்டார். கார்னெட்டுக்கு 37, பியர்ஸுக்கு 35. பதிலுக்கு வாங்கியது வருங்கால முதல் சுற்று உரிமைகளின் ஒரு மூட்டை. பியர்ஸ் 15 வருஷம் பாஸ்டனுக்கு மட்டுமே ஆடியவர். அன்றும் ரசிகர்கள் அழுதார்கள்.

ஆக, 2017ல் தாமஸின் இடுப்பு ரிப்போர்ட்டைப் பார்த்த ஐன்ஜின் மனதில் மெக்ஹேலின் பாதம் வந்து போயிருக்காதா? இது என் யூகம்தான். ஆனால் உடம்பு விஷயத்தில் பாசம் காட்டினால் அணி எப்படிச் சரியும் என்பதை உள்ளே இருந்து பார்த்தவர் அவர். அந்த ஆள் எடுத்த முடிவை "இதயமில்லாதவன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

இதில் ஒரு வேடிக்கை. எல்லாரும் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தபோது மறுபக்கம் வந்த சரக்கிலும் உள்ளே உலோகம் இருந்தது!

2015 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் கைரிக்கு இடது முழங்கால் சில்லு உடைந்தது. கம்பியும் திருகாணியும் வைத்துச் சேர்த்திருந்தார்கள். 2018 மார்ச்சில் அந்தக் கம்பியை எடுக்க வேண்டி வந்தது. பிறகு அந்த இடத்தில் பாக்டீரியா தொற்று தெரிந்து, ஏப்ரலில் திருகாணிகளையும் எடுத்தார்கள். ஆரோக்கியமான ஆள் என்று வாங்கிய கைரி அந்த வருஷப் பிளேஆஃபில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. உடம்புக்குள் வைக்கும் எந்த உலோகமும் கிருமி ஒளிந்துகொள்ள ஒரு மூலை. இதை எலும்பு மருத்துவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

தாமஸ் அறுவை சிகிச்சை இல்லாமல் ஓய்வும் பயிற்சியுமாகத் தேறி, 2018 ஜனவரி 2 அன்று கிளீவ்லேண்டுக்காக இறங்கினார். முதல் ஆட்டத்தில் 17 புள்ளிகள். அதற்கு மேல் ஓடவில்லை. 15 ஆட்டங்களில் அங்கிருந்தும் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்கு அனுப்பப்பட்டார், பிப்ரவரி 8 அன்று. அதே நாளில் கிரௌடர் யூட்டாவுக்கு. மார்ச்சில் இடுப்பில் துளை வழி அறுவை சிகிச்சை. அந்தக் கோடையில்தான் அவர் 100 மில்லியன் கனவு கண்ட ஒப்பந்தம் வரவேண்டியது. டென்வர் அணியில் சுமார் 2 மில்லியனுக்குச் சேர்ந்தார். குறைந்தபட்சச் சம்பளம்.

பாஸ்டன், கைரி இல்லாமலேயே, இளம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு 2018ல் கிழக்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டம் வரை போய் அதே கிளீவ்லேண்டிடம் 87-79 என்று தோற்றது. அந்தக் கோடையில் லெப்ரான் கிளீவ்லேண்டை விட்டுப் போனார். 2018 அக்டோபரில், நீங்கள் விரும்பினால் பாஸ்டனிலேயே இருப்பேன் என்று ரசிகர்கள் முன் சொன்ன கைரி, 2019ல் புரூக்ளினுக்குப் போய்விட்டார். கிளீவ்லேண்டுக்குப் போன அந்த முதல் சுற்று உரிமை எட்டாவது தேர்வாகி காலின் செக்ஸ்டன் என்ற பையனானது. அந்தப் பையனும் 2022ல் டொனோவன் மிட்செல் டிரேட்டில் யூட்டாவுக்குப் போனார். அப்போது யூட்டாவை நடத்தியவர் யார்? ஐன்ஜ். உலகம் உருண்டைதான்.

ஆக, வாங்கியவனுக்கும் கோப்பை இல்லை, விற்றவனுக்கும் கோப்பை இல்லை. அப்படியென்றால் டிரேட் தப்பா?

இங்கேதான் மருத்துவர்களின் பழக்கம் ஒன்று உதவும். எங்களிடம் ஒரு கேஸ் கெட்டுப்போனால், பிறகு உட்கார்ந்து விவாதிப்போம். அப்போது முதல் விதி: முடிவு எடுத்த நிமிஷத்தில் கையில் இருந்த தகவலை வைத்து மட்டும் பேசு, இப்போது தெரிந்ததை வைத்து அன்றைய டாக்டரைத் திட்டாதே. நல்ல முடிவு எடுத்தும் நோயாளி இறக்கலாம். முட்டாள்தனமான முடிவு எடுத்தும் பிழைக்கலாம். "ஆபரேஷன் சக்சஸ், பேஷண்ட் அவுட்" என்று எங்களைக் கிண்டல் செய்வீங்களே, அதில் பாதி உண்மை.

2017 ஆகஸ்டில் ஐன்ஜ் கையில் இருந்தது என்ன? 28 வயது, 5 அடி 9 அங்குலம், வேகத்தை நம்பிப் பிழைக்கும் ஆள், கிழிந்த லாப்ரம், பத்து மாதத்தில் முடியும் ஒப்பந்தம். எதிரில் 25 வயது சாம்பியன், இரண்டு வருஷம் உறுதியான ஒப்பந்தம். அந்தத் தகவலோடு அந்த டிரேட் சரி. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். கைரி போய்விட்டார் என்பதை வைத்து அதைத் தப்பு என்று சொல்ல முடியாது.

எனக்கு உறுத்துவது மார்ச் 15க்கும் மே 20க்கும் நடுவே இருக்கும் ஒன்பது வாரங்கள்.

எங்க பக்கம் கபடிப் போட்டி சீசனில் பையன்கள் வருவார்கள். முழங்கால் வீங்கி இருக்கும், தசைநார் போயிருக்கும். "சார், ஃபைனல் மட்டும் ஆடிடறேன், ஒரு ஊசி போடுங்க." கூட ஊர்ப் பெரியவர் ஒருத்தர் நிற்பார், அவரும் அதையே சொல்வார். அந்த நிமிஷத்தில் என் நோயாளி யார் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. பையன்தான். ஊசி கிடையாது, திட்டு மட்டும் இலவசம். ஆனால் அந்தப் பெரியவர்தான் எனக்கு மாதச் சம்பளம் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனும் ஆடியே தீருவேன் என்று அழுகிறான். தங்கையை நேற்றுத்தான் பறிகொடுத்தான். ஊரே வெளியே கோஷம் போடுகிறது. அப்போதும் நான் இதே மாதிரி நிமிர்ந்து பேசுவேனா? அணி மருத்துவர் என்ற வேலையின் கஷ்டம் அதுதான். பாஸ்டனில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அந்த அறைக்குள் இருந்தவர்களுக்கே வெளிச்சம். மார்ச்சிலேயே உட்கார வைத்திருந்தால் அந்த மூட்டு பிழைத்திருக்கும் என்றும் அடித்துச் சொல்ல முடியாது, எலும்பு மேடு பிறவியிலேயே இருந்திருக்கலாம்.

ஆனால் கணக்கு இப்படி: ஏப்ரலில் அவர் வலியோடு ஆடியது வீரம் என்று கொண்டாடப்பட்டது. அணிக்கு டிக்கெட் விற்றது, தொலைக்காட்சிக்குக் கதை கிடைத்தது, நமக்குக் கண்ணீர் வந்தது. ஆகஸ்டில் அதே வலி பலவீனம் என்று அவர் விலையிலிருந்து கழிக்கப்பட்டது. லாபம் எல்லோருக்கும், செலவு அவர் ஒருவருக்கு. இரண்டாவது கட்சி ரசிகர்கள் இதைத்தான் சொல்ல வந்தார்கள். "டிரேட் தப்பு" என்ற தவறான வார்த்தையில் சொல்லிவிட்டார்கள்.

டிரேட்டுக்குச் சில வாரங்கள் கழித்து தாமஸ் ஒரு கட்டுரை எழுதினார். வலித்தது என்று மறைக்காமல் சொன்னார். வீரன் அணி மாறினால் துரோகி என்கிறீர்கள், ஆனால் அதிகாரம் பெரும்பாலும் முதலாளிகள் கையில்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். அதே சமயம் பாஸ்டன் நகரத்தின் மேல் கசப்பு இல்லை. 2019 மார்ச் 18 அன்று டென்வர் சட்டையில் பாஸ்டன் வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த இடுப்பு அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். குருத்தெலும்பு பற்றி மேலே ஒரு வரி சொன்னேன் இல்லையா, அதேதான். எலும்போடு எலும்பு உரசும் நிலைக்கு வந்துவிட்டது. 2020ல் ஹிப் ரீசர்ஃபேசிங் என்ற அறுவை சிகிச்சை செய்துகொண்டார். முழு மூட்டு மாற்று இல்லை. பந்தை வெட்டி எறியாமல், தேய்ந்த மேற்பரப்பைச் செதுக்கி அதன் மேல் உலோகத் தொப்பி போடுவது, கிண்ணத்துக்குள்ளும் உலோகம். சுறுசுறுப்பாக இருக்கும் இளவயது ஆண்களுக்குச் சில இடங்களில் செய்வார்கள். அவருக்கு அப்போது 31 வயது. என் ஓபியில் இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் அறுபதைத் தாண்டியவர்கள்.

வலி போய்விட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். உலோக இடுப்போடு 2021ல் மறுபடி என்பிஏவில் இறங்கினார். பத்து நாள் ஒப்பந்தம், பத்து நாள் ஒப்பந்தமாக நியூ ஆர்லியன்ஸ், லேக்கர்ஸ், டல்லாஸ், சார்லட் என்று சுற்றினார். 2024 மார்ச்சில், 35 வயதில், பீனிக்ஸ் அவரை மறுபடி கூப்பிட்டது. அதுவும் பத்து நாளைக்கு.

அதே 2024 ஜூனில் பாஸ்டன் 16 வருஷம் கழித்துக் கோப்பை வென்றது. ஜெயித்துக் கொடுத்த ஜேசன் டேட்டம், ஜெய்லன் பிரவுன் இருவரும் பியர்ஸையும் கார்னெட்டையும் விற்று வாங்கிய அந்த மூட்டையின் வழியாக வந்தவர்கள். இறுதித் தொடரில் தோற்ற அணி டல்லாஸ். அதில் ஆடிக்கொண்டிருந்தவர் கைரி இர்விங். பந்து அவர் கைக்குப் போகும்போதெல்லாம் பாஸ்டன் அரங்கம் ஊளையிட்டது.